வாய் பிளப்பதெல்லாம் கொட்டாவியா? பிள்ளைகள், நாய், குரங்கு, கோழிக்குஞ்சு

செம்பருத்தி (கேள்வி)

வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்குக் கொட்டாவியைத் தலைப்பாக எடுத்திருக்கிறார்கள். "ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும்போது அதை ஈடுகட்டக் கொட்டாவி வருகிறது" என்று அட்டையில் பெரிதாக எழுதியும் விட்டார்கள். அது பழைய விளக்கம், தப்பு என்கிறார் ஒரு ஆசிரியர். இன்னொருவர், பாடத்தில் அப்படித்தானே படித்தோம் என்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் ஆதாரத்தோடு சொன்னால் அட்டையை மாற்றிவிடலாம்.

கூடவே சில சந்தேகங்கள். ஒருவர் கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் வருகிறதே, அதை வகுப்பிலேயே சோதித்துக் காட்ட முடியுமா? சீப்பால் வாரும்போது நாய் திரும்பத் திரும்பக் கொட்டாவி விட்டால் அது தூக்கமா? ஒரு மாணவி வீட்டு நாட்டுக்கோழிக் குஞ்சுகள் கழுத்தை நீட்டி நீட்டி வாயைப் பிளக்கின்றனவாம். "கோழியும் கொட்டாவி விடும்" என்று படம் வரைந்து வைத்திருக்கிறாள். அதைக் கண்காட்சியில் வைக்கலாமா?


நரம்பியல் மேசை

ஆக்சிஜன் விளக்கத்தை அட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள். அதை நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1987-இல் அமெரிக்காவில் ராபர்ட் புரொவைன் குழுவினர் கல்லூரி மாணவர்களைச் சுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்தார்கள். பிறகு 3 முதல் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்று. நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் அது 0.04 சதவீதம்தான் என்பதை வைத்துப் பார்த்தால் எவ்வளவு அதிகம் என்று புரியும். கார்பன் டை ஆக்சைடு கூடியபோது மூச்சு வேகமானது, கொட்டாவியின் எண்ணிக்கை கூடவில்லை. சுத்த ஆக்சிஜன் கொடுத்தபோது குறையவும் இல்லை. உடற்பயிற்சியால் மூச்சை வேகப்படுத்திப் பார்த்தும் அதேதான். ஆக்சிஜன் பற்றாக்குறைக்கு உடம்பு வைத்திருக்கும் பதில் மூச்சு வேகமாவது. கொட்டாவிக்கு அதில் வேலை இல்லை.

இன்னொரு சான்று பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். கருவில் இருக்கும் குழந்தையும் கொட்டாவி விடுகிறது. சுமார் 11, 12 வாரத்திலேயே ஸ்கேனில் அது தெரிகிறது. கருவைச் சுற்றி இருப்பது பனிக்குட நீர், அங்கே இழுக்கக் காற்றே கிடையாது.

அப்படியானால் கொட்டாவி என்றால் என்ன? மூன்று கட்டம் கொண்ட ஒரு தானியங்கி அசைவு. முதலில் நீண்டு உள்ளிழுக்கும் மூச்சு. அடுத்து உச்சம்: கீழ்த்தாடை முழுக்க இறங்குகிறது, நாக்கு பின்னுக்குப் போகிறது, குரல்வளை கீழே இறங்கித் தொண்டை அகலமாகத் திறக்கிறது, கண் இறுக மூடுகிறது. கண்ணீர்ச் சுரப்பி அழுத்தப்படுவதால் கண்ணோரம் ஈரமாகிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் பேசுபவர் குரல் மங்கிக் கேட்கும், கவனித்துப் பாருங்கள். நடுச்செவித் தசை இறுகுவதால் அப்படி. கடைசியில் சட்டென்று வெளியேறும் குறுகிய மூச்சு. மொத்தம் சுமார் ஆறு நொடி.

இதில் முக்கியமானது தாடை. கொட்டாவி வரும் நேரத்தில் மூக்கை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், கொட்டாவி தடையில்லாமல் முடியும். அடுத்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு விட முயலுங்கள். காற்று பல்லிடுக்கு வழியாகத் தாராளமாக உள்ளே போகும், ஆனால் கொட்டாவி பாதியில் மாட்டிக்கொண்டது போல இருக்கும், திருப்தியே வராது. போதிய காற்று போயும் ஏன் நிறைவில்லை என்ற கேள்வியைப் பிள்ளைகளிடமே விடலாம். இதுவும் புரொவைன் செய்து பார்த்ததுதான்.

எதற்காக வருகிறது என்பதில் இரண்டு கருத்துகள் வலுவாக நிற்கின்றன. ஒன்று, விழிப்பு நிலை மாறும் இடத்தில் வருகிறது: தூங்கப் போகும் முன், எழுந்தவுடன், சலிப்பில், பதற்றத்தில். மூளையின் அடியில் உள்ள ஹைப்போதாலமஸில் ஒரு நரம்பணுத் தொகுதி இதைத் தூண்டுகிறது. டோபமைன், ஆக்சிடோசின் என்ற மூளை வேதிப்பொருள்கள் இரண்டும் அதில் வேலை செய்கின்றன. ஓட்டப் பந்தயத்துக்கு முன் வீரர் கொட்டாவி விடுவது இந்தக் கணக்கில் சேரும். அவருக்குத் தூக்கம் வரவில்லை.

மற்றொன்று, மூளையின் சூட்டைக் குறைப்பது. ஆண்ட்ரூ கேலப் இதை முன்வைத்தவர். 2007-இல் செய்த சோதனையில், நெற்றியில் வெதுவெதுப்பான அல்லது அறைச் சூட்டில் உள்ள பொதியை வைத்துக்கொண்டு கொட்டாவி வீடியோ பார்த்தவர்களில் 41 சதவீதம் பேருக்குக் கொட்டாவி தொற்றியது. குளிர்ந்த பொதி வைத்தவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் டூசான் நகரில் தெருவில் நடப்பவர்களிடம் எடுத்த கணக்கில், சுமார் 22 டிகிரி இருந்த குளிர்காலத்தில் 45 சதவீதம் பேருக்குத் தொற்றியது, 37 டிகிரி கோடையில் 24 சதவீதம் பேருக்குத்தான். வெளிக்காற்று உடம்பளவு சூடானால் அதை இழுத்து மூளையைக் குளிர்விக்க முடியாது என்பது விளக்கம். குளிர் நாடான ஆஸ்திரியாவின் வியன்னாவில் இது தலைகீழாகி, கோடையில்தான் அதிகம் வந்தது. அங்கே கோடை என்பதே 20 டிகிரியை ஒட்டியது.

இந்தக் கருத்துக்கு எதிர்ப்பும் இருக்கிறது, விவாதம் முடியவில்லை. அட்டையில் "ஒரு கருத்து" என்று போடுங்கள், "காரணம்" என்று போடாதீர்கள்.

படமாக வரைய ஒரு நல்ல தகவல்: 2021-இல் வெளியான ஆய்வு ஒன்றில் 101 இனங்களின் 1,291 கொட்டாவிகளை நேரம் பார்த்தார்கள். 55 பாலூட்டிகள், 46 பறவைகள். மூளை பெரிதாகவும் அதில் நரம்பணுக்கள் அதிகமாகவும் இருக்க இருக்கக் கொட்டாவி நீள்கிறது. சுண்டெலிக்கு ஒன்றரை நொடிகூட ஆகாது. யானையும் மனிதனும் ஆறு நொடியைத் தொடுவார்கள். தாடை எவ்வளவு பெரிது என்பது இதில் பொருட்டே இல்லை.


தொற்றுவாய்

தொற்றும் கொட்டாவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், வகுப்பில் செய்ய இதுதான் தோதானது.

கொட்டாவி விடும் முகங்களை ஐந்து நிமிடம் பார்த்தவர்களில் 55 சதவீதம் பேர் கொட்டாவி விட்டார்கள். சிரிக்கும் முகங்களைப் பார்த்தவர்களில் 21 சதவீதம். 1986-இல் புரொவைன் எடுத்த கணக்கு இது. அந்தச் சிரிக்கும் முக வீடியோ இல்லாவிட்டால் சோதனைக்கே பொருள் இல்லை, ஏனென்றால் சும்மா உட்கார்ந்திருந்தாலே சிலர் கொட்டாவி விடுவார்கள். எனவே இரண்டு குழு, ஒரே நேரம், ஒரே நீள வீடியோ. ஒரு குழுவுக்குக் காலையிலும் மற்றதற்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் வைத்தால் எண்ணிக்கை பாழ்.

பெரும்பாலும் சொதப்புவது உட்காரும் முறையில். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்கும்படி உட்கார்ந்தால், தொற்றியது வீடியோவிலிருந்தா பக்கத்துப் பையனிடமிருந்தா என்று பிரிக்க முடியாது. ஒவ்வொருவராக, அல்லது நடுவில் அட்டை வைத்து உட்கார வையுங்கள். அடுத்தது, முன்னால் நின்று முறைத்துக்கொண்டே எண்ணக் கூடாது. தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் கொட்டாவி அடங்கிவிடும். வீடியோ முடிந்ததும் "எத்தனை முறை விட்டாய், எத்தனை முறை வரப் பார்த்தது" என்று சீட்டில் எழுதச் சொல்லி வாங்குங்கள். "கொட்டாவிச் சோதனை" என்று முன்கூட்டியே அறிவிக்கவும் வேண்டாம், அந்தச் சொல்லைக் கேட்டதும் பாதிப் பேருக்கு வந்துவிடும்.

நேரம் இருந்தால் மூன்றாவது குழு ஒன்று: அதே வீடியோவில் வாய்ப்பகுதியை மறைத்துக் காட்டுங்கள். எல்லோரும் வாய்தான் காரணம் என்று நினைப்பார்கள். வாயை மறைத்த முகம் முழு முகம் அளவுக்கே தொற்ற வைத்தது. வாயை மட்டும் தனியே காட்டியபோது தொற்றவில்லை. சுருங்கும் கண், நிமிரும் தலை எல்லாம் சேர்ந்த முழு உருவத்தைத்தான் மூளை பிடித்துக்கொள்கிறது. கண்காட்சியில் கூட்டம் நிற்கப் போவது இந்த இடத்தில்தான்.

சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் முயன்று ஏமாற வேண்டாம். சாதாரணக் கொட்டாவி கருவிலேயே வந்துவிடுகிறது, ஆனால் தொற்றும் கொட்டாவி பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கைந்து வயதுக்கு மேல்தான் வருகிறது.

விலங்குகளில்: 2004-இல் ஜப்பானில் ஆறு பெண் சிம்பன்சிகளுக்குக் கொட்டாவி வீடியோ காட்டியதில் இரண்டுக்குத் தொற்றியது. பட்ஜெரிகார் கிளிகளுக்குள்ளும் தொற்றுகிறது. தென்னாப்பிரிக்காவின் மக்கலாலி காப்பகத்துச் சிங்கங்களைக் கவனித்தவர்கள், இன்னொன்றின் கொட்டாவியைப் பார்த்த சிங்கம் அடுத்த மூன்று நிமிடத்தில் கொட்டாவி விடும் வாய்ப்பு 139 மடங்கு என்று 2021-இல் எழுதினார்கள். கொட்டாவி தொற்றிய சிங்கங்கள் பிறகு எழுவதும் நடப்பதும்கூட ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தன. கூட்டமாக வேட்டையாடும் விலங்குக்கு எல்லோரும் ஒரே விழிப்பு நிலையில் இருப்பது உதவும்.

ஆமை தேறவில்லை. செங்கால் ஆமை ஒன்றுக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்து, சைகை காட்டினால் கொட்டாவி போல வாய் திறக்கப் பழக்கி, மற்ற ஆமைகள் முன் திறக்க வைத்தார்கள். ஒன்றுகூடப் பின்பற்றவில்லை. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசை 2011-இல் பெற்ற ஆய்வு அது.

நாய் விஷயத்தில் மட்டும் கவனமாக எழுதுங்கள். 2008-இல் லண்டனில் 29 நாய்களில் 21, மனிதர் கொட்டாவி விட்டதைப் பார்த்துக் கொட்டாவி விட்டன. அதிலிருந்து "நாய்க்கு எஜமானர்மேல் பரிவு" என்று பரப்பிவிட்டார்கள். பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2020-இல் திரும்பக் கணக்கிட்டபோது, தொற்றுவது உண்மை, ஆனால் பழகியவர் பழகாதவர் என்ற வேறுபாடு தெரியவில்லை. பரிவு என்ற சொல்லை அட்டையில் எழுத அது போதாது.


கால்நடைத் தோழன்

சீப்பு வாரும்போது நாய் விடுவது தூக்கக் கொட்டாவி அல்ல. "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று அது சொல்லும் முறை. வாயை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மற்ற உடம்பைப் பாருங்கள். தூக்கக் கொட்டாவியில் உடம்பு தளர்ந்திருக்கும், முன்காலை நீட்டி முதுகை வளைத்துச் சோம்பல் முறிக்கும். பதற்றக் கொட்டாவியில் காது பின்னுக்கு ஒட்டியிருக்கும், தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் உங்கள் பக்கம் உருட்டும், அப்போது கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரியும். எதிரே தீனி இல்லாமலே மூக்கை நக்கும். இரண்டு மூன்று கொட்டாவி அடுத்தடுத்து வரும்.

அதற்குப் பிறகும் வாரிக்கொண்டே இருந்தால் அடுத்து உறுமல், அதையும் மதிக்காவிட்டால் கடி. முதல் கொட்டாவியிலேயே கையை எடுத்துவிடுங்கள். மூன்று நொடி வாருங்கள், நிறுத்துங்கள். அது உங்கள் பக்கம் சாய்ந்தால் தொடரலாம், எழுந்து நகர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். முதல் வாரம் ஒரு வேளைக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். காதுக்குப் பின்னும் தொடையிடுக்கிலும் முடி சிக்கிச் சடையாகியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சடையைச் சீப்பால் இழுத்தால் தோல் இழுபட்டு வலிக்கும். அடிமுடியை விரலால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து பிரிக்க வேண்டும். குழந்தை கட்டிப்பிடிக்கும்போது நாய் கொட்டாவி விட்டாலும் இதே பொருள்தான். அதைப் படம் எடுத்து "எவ்வளவு பாசம்" என்று போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது.

குரங்கும் அப்படித்தான். கோயில் குளம் பக்கம் திரியும் நாட்டுக்குரங்கில், வளர்ந்த ஆண் தலையை நிமிர்த்தி வாயைப் பிளந்து கோரைப்பல் முழுக்கத் தெரிய விடும் கொட்டாவி பல நேரம் தூக்கம் சம்பந்தப்பட்டதல்ல. கூட்டத்தில் உரசல், பெண் குரங்குக்குப் போட்டி, மனிதர் நெருங்குவது என்று பதற்றமான நேரத்தில் வரும். மக்காக் குரங்குகளில் ஆண்தான் அதிகம் கொட்டாவி விடுகிறது, ஆண் ஹார்மோன் கூடக் கூட அதுவும் கூடுகிறது. அந்த நேரத்தில் கண்ணோடு கண் பார்க்காமல், தேங்காய் வாழைப்பழப் பையைக் கீழே தொங்கவிடாமல், பக்கவாட்டில் மெல்ல விலகுங்கள்.

நீர்யானை வாய் பிளப்பது பெரும்பாலும் மிரட்டல். முதலை கரையில் வாய் திறந்து கிடப்பது சூட்டை இறக்க. பாம்பு இரை விழுங்கியபின் பிளப்பது தாடையைப் பழைய இடத்தில் பொருத்த. இவை எதையும் கொட்டாவிப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

இப்போது கோழிக்குஞ்சு. அந்தப் படத்தை எடுத்துவிட்டு, அந்த வீட்டுக் குஞ்சுகளை இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். வளர்ந்த கோழி தீனி தின்றபின் கழுத்தைக் கோணி ஒன்றிரண்டு தடவை வாய் திறந்தால் அது இரைப்பையில் தீனியைச் சரிசெய்வது, பயமில்லை. குஞ்சு திரும்பத் திரும்பக் கழுத்தை நீட்டி, அலகைப் பிளந்து, தலையை உதறி, தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் அது மூச்சுத் திணறல்.

சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் மூச்சுக்குழல் புழு, சின்காமஸ் ட்ராக்கியா. ரத்தச் சிவப்பில் இருக்கும், ஆணும் பெண்ணும் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டே இருப்பதால் பிளந்த கவட்டை போலத் தெரியும். மூச்சுக்குழலின் உட்சுவரைக் கடித்து ரத்தம் குடிக்கும். குஞ்சின் குழல் குறுகலானது, சில புழுவும் சளியும் சேர்ந்தாலே அடைத்துவிடும். பெரிய கோழி அதே புழுவோடு இருமிக்கொண்டு நடமாடும். கோழி இருமி விழுங்கிய முட்டைகள் எச்சத்தில் வெளியேறி மண்ணில் சேர்கின்றன. மண்புழுவும் நத்தையும் அவற்றைத் தின்று புழுக்குஞ்சுகளை வருடக்கணக்கில் உடம்பில் வைத்திருக்கும். மழைக்குப் பின் மண்புழுவைக் கொத்தித் தின்ற குஞ்சுகளுக்கு இது வருவது அப்படித்தான்.

குஞ்சைத் துணியில் சுற்றிப் பிடித்து, அலகை மெல்லத் திறந்து, டார்ச் அடித்து நாக்குக்குப் பின்னால் உள்ள மூச்சுத்துளையைப் பாருங்கள். சில நேரம் சிவப்பு நூல் போல அசைவது தெரியும். தெரியாவிட்டால் இல்லை என்று பொருள் இல்லை. இறகை உள்ளே விட்டுத் திருகிப் புழுவை எடுக்கப் பார்ப்பவர்கள் உண்டு, தயவுசெய்து அது வேண்டாம். உட்சுவர் கிழிந்து குஞ்சு கையிலேயே செத்துப்போகும். ஃபென்பெண்டசோல் வகைக் குடற்புழு மருந்துகள் இதற்கும் கேட்கும். அளவு குஞ்சின் எடையைப் பொறுத்தது, அதைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். முட்டையிடும் கோழிக்கும் கொடுத்தால் எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்றும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாத் திணறலும் புழுவும் அல்ல. உச்சி வெயிலில் மொத்தக் கூட்டமும் இறக்கையை விரித்து வாய் திறந்து வேகமாக மூச்சிரைத்தால் அது சூடு, நிழலும் தண்ணீரும் போதும். தொண்டையில் மஞ்சள் ஏடு படிந்திருந்தால் கோழி அம்மை. திணறலோடு பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்துத் திருகி, அடுத்தடுத்துச் சாக ஆரம்பித்தால் வெள்ளைக் கழிச்சல். அதற்கு மருந்து இல்லை, தடுப்பூசி மட்டுமே. அதனால்தான் காத்திருக்க வேண்டாம் என்கிறேன்.


செம்பருத்தி

மிக்க நன்றி. மாணவியின் வீட்டுக்கு அப்போதே ஃபோன் செய்து சொல்லிவிட்டேன். இரண்டு கேள்வி மிச்சம். கொட்டாவியை அடக்கினால் கெடுதல் என்று பாட்டிமார் சொல்கிறார்களே? சிலருக்குக் கொட்டாவி விட்டதும் வாய் மூட முடியாமல் போகிறதே, அப்போது என்ன செய்வது?


தாடை எலும்பு

சித்த மருத்துவம் அடக்கக் கூடாதவை என்று சொல்லும் பதினான்கு வேகங்களில், அதாவது உடம்பின் இயல்பான உந்துதல்களில், கொட்டாவியும் ஒன்று, பாட்டிமார் பேச்சு அங்கிருந்து வந்தது. கூட்டத்தில் ஒன்றிரண்டை அடக்குவதால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் முழுக்கத் திறப்பதில் ஆபத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் அடக்கித்தான் ஆக வேண்டும்.

காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்து மூடினால் ஒரு குமிழ் நகர்வது தெரியும். அது கீழ்த்தாடையின் தலை. அதற்கு முன்னால் ஒரு எலும்பு மேடு உண்டு. மிக அகலமாகத் திறந்தால் சிலருக்கு அந்தத் தலை மேட்டைத் தாண்டி முன்னால் விழுந்துவிடும். உடனே தாடைத் தசைகள் இறுகிப் பிடித்துக்கொள்ளும், வாய் மூடாது, எச்சில் ஒழுகும், பேச்சு குழறும். ஒரு பக்கம் மட்டும் விலகினால் முகவாய் எதிர்ப்பக்கம் கோணும்.

கன்னத்தில் அறைவது, முகவாயை மேலே குத்தி மூடப் பார்ப்பது இரண்டும் எலும்பை உடைக்கும். முகவாயைத் துணியால் தாங்கிக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள், நேரம் ஆக ஆகத் தசை இறுகும். அங்கே மருத்துவர் இரண்டு கட்டைவிரலிலும் துணி சுற்றி, கீழ்க் கடைவாய்ப் பற்கள்மேல் வைத்து, முதலில் கீழே அழுத்திப் பின்னால் தள்ளுவார். மேட்டுக்கு அடியில் போய்த்தான் தலை பின்னுக்கு வர முடியும் என்பதால் அந்த வரிசை. பொருந்தும் நொடியில் தாடை படக்கென்று மூடும், துணி சுற்றுவது விரல் கடிபடாமல் இருக்க. பிறகு சில வாரத்துக்குக் கஞ்சி, குழைந்த சாதம், அகலத் திறக்கத் தடை.

ஒருமுறை விலகியவருக்கு மறுபடி விலக வாய்ப்பு அதிகம். கொட்டாவி வரும்போது நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டி, முகவாயை நெஞ்சுப் பக்கம் குனிந்து, முகவாயின் கீழ் மடக்கிய கையை வைத்துக்கொள்ள வேண்டும். நாக்கு மேலே ஒட்டியிருந்தால் தாடை முழுக்க இறங்காது.

திடீரென்று கொட்டாவி எண்ணிக்கை எக்கச்சக்கமாகக் கூடினால் முதலில் தூக்கக் குறைவைப் பாருங்கள், குறட்டையோடு மூச்சு தடைபடுவதையும் சேர்த்து. ஃப்ளூயோக்செட்டின், செர்ட்ராலின், எஸ்சிடாலோப்ராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளும் இதைச் செய்யும், தானாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள். சிலருக்கு ஒற்றைத் தலைவலிக்கு முன்னறிவிப்பே கொட்டாவிதான். நிற்கும்போது கொட்டாவியோடு வியர்த்துக் கண் இருண்டால் மயக்கம் வரப்போகிறது, உடனே படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். ஒரு பக்கக் கை கால் தளர்ச்சியோ வாய் கோணலோ சேர்ந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.


கால்நடைத் தோழன்

ஃபோன் செய்ததற்கு நன்றி செம்பருத்தி. கால்நடை மருந்தகத்துக்குப் போகும்போது வெறுங்கையோடு போக வேண்டாம் என்று அந்த வீட்டாரிடம் சொல்லுங்கள். காலையில் விழுந்த புது எச்சத்தை நாலைந்து இடத்திலிருந்து எடுத்து, மூடியுள்ள சின்ன டப்பாவில் போட்டு, வெயில் படாமல் அன்றைக்கே கொடுக்க வேண்டும். மைக்ராஸ்கோப்பில் புழு முட்டை தெரியும். ஏதாவது குஞ்சு செத்திருந்தால் இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் வைத்த பாத்திரத்தில் கொண்டுபோகட்டும். ஃப்ரீசரில் வைத்து உறைய விட்டால் திசு சிதைந்துவிடும். மூச்சுக்குழலை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தாலே புழுவா வேறு நோயா என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள். அதுவரை மூச்சுத் திணறும் குஞ்சுகளைத் தனிக் கூடையில், காய்ந்த உமி பரப்பி வையுங்கள். ஈர மண்ணில் மேய விட வேண்டாம்.